தமிழ் வலைப்பூவுக்கு எளிய தள ஆக்கியைத் தேர்ந்தெடுத்தல்: முழுமையான வழிகாட்டி

மார்க்டவுன் (எளிய குறிகளால் தலைப்பு, பட்டியல் போன்றவற்றைக் காட்டும் வெற்று உரை) கோப்புகளாக எழுதி வைத்த பதிவுகளை, தரவுத்தளம் எதுவும் இல்லாமல் உலாவியில் திறக்கும் பக்கங்களாக மாற்றித் தரும் நிரலை ஸ்டேட்டிக் சைட் ஜெனரேட்டர் என்பார்கள். இந்த வழிகாட்டியில் அதைத் தள ஆக்கி என்று சுருக்கிக்கொள்கிறேன். என் சொந்த வலைப்பூவை இருமுறை இடம் மாற்றியிருக்கிறேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நண்பர் ஒருவரின் கடை மாடியில் சனிக்கிழமைகளில் புதியவர்கள் சிலருடன் உட்கார்ந்து அவர்களுடைய தளங்களை எழுப்பவும் உதவியிருக்கிறேன்.

அங்கு நான் கண்ட தடுமாற்றங்களுக்குப் பெரும்பாலும் வரிசை பிசகியதே காரணம். தளத்தின் தோற்றத்தை வகுக்கும் அழகான வார்ப்புரு ஒன்றைப் பார்த்து மயங்கி, அதற்குரிய தள ஆக்கியை நிறுவி, மூன்று வாரம் நிறங்களை மாற்றிக்கொண்டிருந்துவிட்டு, முதல் பதிவை இடும்போதுதான் அந்த வார்ப்புருவில் தமிழ் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன என்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆகவே கீழுள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, நீங்களே எழுதிய மூன்று பதிவுகள். அவை நல்ல பதிவுகளாக இருக்க வேண்டியதில்லை. வடிவத்தால் தொல்லை தரும் பதிவுகளாக இருக்க வேண்டும். ஒன்றில் கவிதையோ குறளோ அடி பிரித்து இடம்பெற வேண்டும். இன்னொன்றில் ஏழெட்டுப் படங்கள் வேண்டும். மூன்றாவது, துணைத்தலைப்புகளும் ஒரு பட்டியலும், நம் வழக்கப்படி இடையிடையே மலாய், ஆங்கிலச் சொற்களும் கலந்த நீண்ட கட்டுரையாக இருக்கட்டும். தள ஆக்கிகள் தங்கள் மாதிரிப் பக்கங்களில் ஆங்கிலப் பத்திகளையே காட்டுவதால், அவற்றைப் பார்த்து நம் எழுத்து எப்படித் தோன்றும் என்று கணிக்க முடியாது.

இரண்டாவது, சாதாரண உரைத்திருத்தி. விஎஸ் கோடு போதும். வேர்டு போன்ற ஆவணச் செயலியில் எழுதி ஒட்டுவதைத் தவிருங்கள். அது நேர்க்கோட்டு மேற்கோள்குறிகளை வளைந்த குறிகளாக மாற்றிவிடும், கோப்பின் தொடக்கத்தில் தலைப்பு, தேதி போன்றவற்றைக் குறிக்கும் தலைப்பகுதியில் அவை பிழையை உண்டாக்கும். கோப்புகள் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில், தொடக்கக் குறி இல்லாமல் சேமிக்கப்பட வேண்டும். பழைய விண்டோஸ் நோட்பேடு கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் ஒன்றைச் சேர்ப்பதுண்டு. அது இருந்தால் ஜெக்கில் என்ற தள ஆக்கி உங்கள் தலைப்பகுதியை அடையாளம் காணாது. திரையில் எதுவும் தெரியாததால் இந்தப் பிழையைத் தேடியே ஒரு மாலை போய்விடும்.

மூன்றாவது, கோப்புகளை இணையத்தில் சேமித்துவைக்கும் கிட்ஹப் சேவையில் ஒரு கணக்கு. அதன் இருபடிச் சரிபார்ப்புக்குரிய மீட்புக் குறியீடுகளை அன்றே அச்சிட்டு வையுங்கள். கைப்பேசியை மாற்றிய பிறகு கணக்கைத் திறக்க முடியாமல் தவித்த ஒருவரை நான் அறிவேன்.

2. பதிவின் முகவரி எந்த எழுத்தில் இருக்கும் என்பதை முடிவு செய்யுங்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், பின்னால் மாற்ற முடியாத முடிவு இது ஒன்றுதான். வார்ப்புருவையும் தள ஆக்கியையும்கூட ஒருநாள் மாற்றிவிடலாம். ஆனால் பிறர் பகிர்ந்துவிட்ட முகவரி மாறினால் இணைப்பு அறுந்துபோகும்.

தமிழ் எழுத்திலேயே முகவரி அமைக்க வேண்டும் என்ற ஆசை இயல்பானது. உலாவியின் முகவரிப் பட்டையிலும் அது அழகாகவே தெரியும். ஆனால் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது பல நேரங்களில் விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் கலந்த நீண்ட சரமாக மாறிவிடுகிறது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளைக் கொள்கிறது. ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்துகளாக விரிகிறது. மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால், 'தமிழ்' என்ற சொல்லே 45 எழுத்துகளாகிறது. 'தண்ணீர்மலை-தைப்பூசம்' என்று ஒரு பதிவுக்கு முகவரி வைத்தால் அந்தப் பகுதி மட்டும் 172 எழுத்துகள் நீளும்.

நீளத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 'கொ', 'கோ', 'கௌ' ஆகியவற்றிலுள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு துண்டுகளாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு பெயர்கள். ஒரு விசைப்பலகையில் தட்டச்சு செய்த இணைப்பு, வேறொரு கணினியில் பெயரிட்ட கோப்பைக் கண்டுபிடிக்காமல் போவதற்கு இதுவே காரணமாகலாம். ஹியூகோ என்ற தள ஆக்கியில், முகவரிகளிலிருந்து ஒலிக்குறிகளை நீக்கும் விருப்பத்தேர்வு ஒன்று இருக்கிறது. அது இயல்பாக அணைந்தே இருக்கும். யாரோ ஒருவரின் அமைவுக் கோப்பை நகலெடுக்கும்போது அது இயங்கும் நிலையில் வந்துவிட்டால், புள்ளியும் ஈகாரக் குறியும் உதிர்ந்து 'தண்ணீர்மலை' என்பது 'தணணரமலை' ஆகிவிடும். ஸோலா என்ற இன்னொரு தள ஆக்கியோ தன் இயல்பு அமைப்பில் தமிழ்க் கோப்புப் பெயரை ரோமன் எழுத்துக்குத் தன் போக்கில் மாற்றிவிடுகிறது.

என் பரிந்துரை இதுதான்: கோப்புப் பெயரையும் முகவரியையும் ரோமன் எழுத்தில், சிறிய எழுத்துகளில், சொற்களுக்கிடையே சிறுகோட்டுடன் நீங்களே அமையுங்கள். தலைப்பு தமிழில் இருக்கட்டும். குறிச்சொற்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். 'உணவு', 'பயணம்' என்று தமிழில் இட்டால் அவற்றின் பக்க முகவரிகளும் தமிழில் அமையும், ஆனால் அவற்றை எவரும் தனியே பகிர்வதில்லை. மொழிப் பற்று சார்ந்து இதை மறுப்பவர்களும் உண்டு. அவர்களுடன் நான் வாதிடுவதில்லை. முடிவை முதல் நாளே எடுத்து, பிறகு மாற்றாமல் இருந்தால் போதும்.

அடைவு அமைப்பிலும் எளிமை வேண்டும். தளப் பெயருக்குப் பின் நேரடியாகப் பதிவின் பெயர் வரலாம், அல்லது இடையில் ஆண்டு வரலாம். பகுப்பின் பெயரை முகவரியில் சேர்க்காதீர்கள், ஏனெனில் ஒரு பதிவைப் பின்னொரு நாள் வேறு பகுப்புக்கு நகர்த்தத் தோன்றும்.

3. எங்கே வெளியிடுவது என்பதைத் தீர்மானியுங்கள்

கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃபிளேர் பேஜஸ் ஆகிய இரண்டும் தனிநபர் வலைப்பூவுக்கு இலவசமாகப் போதும். கிட்ஹப் பேஜஸில் தளத்தின் மொத்த அளவு 1 ஜிகாபைட்டுக்குள் இருக்க வேண்டும். மாதத்துக்கு 100 ஜிகாபைட் என்ற நெகிழ்வான போக்குவரத்து வரம்பும் உண்டு. கிளவுட்ஃபிளேர் பேஜஸின் இலவசத் திட்டம் மாதத்துக்கு 500 முறை தளத்தைக் கட்ட, அதாவது பதிவுகளைப் பக்கங்களாக மாற்ற, அனுமதிக்கிறது. ஒரு கோப்பு 25 மெகாபைட்டைத் தாண்டக் கூடாது. எழுத்தை முதன்மையாகக் கொண்ட வலைப்பூ இந்த வரம்புகளின் அருகில்கூட வராது.

கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. கிட்ஹப்பின் இலவசக் கணக்கில் பேஜஸ் வசதியைப் பயன்படுத்த, தளக் கோப்புகளைச் சேமித்துவைக்கும் களஞ்சியம் பொதுவில் திறந்திருக்க வேண்டும். அப்படியானால் 'வரைவு' என்று குறித்து வைத்த பதிவுகளையும் தேடி வருபவர் களஞ்சியத்தில் படித்துவிட முடியும். முடிக்காத கட்டுரையைப் பிறர் பார்ப்பது பிடிக்காது என்றால் வரைவுகளைத் தனிக் கோப்புறையில் கணினியிலேயே வைத்திருங்கள், அல்லது மூடிய களஞ்சியத்தை ஏற்கும் சேவைக்குச் செல்லுங்கள்.

சொந்தப் பெயரில் முகவரி வாங்க நினைத்தால் அதை இப்போதே வாங்கிவிடுங்கள். மலேசியாவின் 'டாட் மை' முகவரிகளை மைநிக் நிர்வகிக்கிறது. அதன் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்களிடம் பதிவு செய்யலாம். தமிழ் எழுத்தில் நாட்டுக்குறி வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. சிங்கப்பூருக்கு அது இருக்கிறது. நமக்கு, மலாய் மொழியை எழுதும் அரபு வடிவமான ஜாவி எழுத்தில்தான் இருக்கிறது.

4. தள ஆக்கிகளை வடிகட்டுங்கள்

இணையத்தில் காணும் ஒப்பீடுகள் பெரும்பாலும் வேகத்தை அளக்கின்றன. இருநூறு பதிவுகள் கொண்ட வலைப்பூவை எந்தத் தள ஆக்கியும் நீங்கள் காப்பி ஆற்றி முடிப்பதற்குள் கட்டிவிடும், எனவே வேகத்தை மறந்துவிடலாம். நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: இரண்டு ஆண்டு எதையும் எழுதாமல் இருந்துவிட்டுப் புதிய மடிக்கணினியில் திரும்ப உட்கார்ந்தால், எவர் உதவியும் இல்லாமல் இதை மறுபடி நிறுவ உங்களால் முடியுமா?

இந்தக் கேள்விக்கு முன்னால் ஹியூகோவும் ஸோலாவும் நன்றாக நிற்கின்றன. இரண்டும் ஒற்றை நிரல்கோப்பாகக் கிடைக்கின்றன. பதிவிறக்கி, விரித்து, ஒரு கோப்புறையில் வைத்தால் நிறுவல் முடிந்தது. நிறுவன மடிக்கணினியில் நிர்வாகி அனுமதி இல்லாமல் வேலை செய்த ஒருவர் பட்டர்வொர்த்திலிருந்து வருவார். மற்றவற்றை நிறுவ முடியாத அந்தக் கணினியில் ஹியூகோ மட்டும் ஓடியது. ஹியூகோவைப் பதிவிறக்கும்போது 'எக்ஸ்டெண்டட்' பதிப்பை எடுங்கள், ஏனெனில் பல வார்ப்புருக்களில் நிறத்தையும் அமைப்பையும் தரும் பாணிக் கோப்புகளுக்கு அதுவே தேவைப்படுகிறது.

ஹியூகோவுக்கு ஒரு குறை உண்டு. 2013-இல் வெளிவந்த அது இன்னும் 1.0 என்ற எண்ணை எட்டவில்லை. பதிப்புக்குப் பதிப்பு உள்ளமைப்பு மாறுகிறது. 2025-இல் வந்த 0.146 பதிப்பு வார்ப்புருக் கோப்புறைகளின் அமைப்பையே மாற்றியமைத்தது. ஆகவே உங்களிடம் ஓடும் பதிப்பின் எண்ணைக் குறித்துவைத்து, தளத்தைக் கட்டும் சேவையிலும் அதே எண்ணைக் குறிப்பிடுவது கட்டாயம். அப்படிச் செய்யாதவர்களுக்கு மடிக்கணினியில் சரியாகத் தெரியும் தளம் இணையத்தில் உடைந்து தெரியும்.

ஜெக்கில் ரூபி மொழியில் எழுதப்பட்டது. 2008 முதல் இருக்கிறது. அதன் பெரிய வசதி, கிட்ஹப் பேஜஸ் அதைத் தானே கட்டிக்கொள்ளும் என்பது. உலாவியிலேயே பதிவை எழுதிச் சேமித்தால் தளம் புதுப்பிக்கப்படும். உங்கள் கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. கணினியில் முன்னோட்டம் பார்க்க நினைக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. ஜெக்கில் விண்டோஸை அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை; ரூபியையும் துணைக்கருவிகளையும் நிறுவுவதற்குள் புதியவர்கள் களைத்துவிடுகிறார்கள். மேலும் கிட்ஹப் தானாகக் கட்டும்போது பழைய 3.10 பதிப்பையே பயன்படுத்துகிறது. அனுமதிக்கப்பட்ட செருகுநிரல்கள் மட்டுமே அங்கு இயங்கும்.

எலெவென்டி, ஆஸ்ட்ரோ ஆகிய தள ஆக்கிகள் இரண்டும், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைக் கணினியில் ஓட்டும் நோட் சூழலைச் சார்ந்தவை. அன்றாட வேலையே ஜாவாஸ்கிரிப்ட் என்பவர்களுக்கு அவை இன்பம் தரும். மற்றவர்களுக்கு, ஓராண்டு கழித்துத் திறக்கும்போது நூற்றுக்கணக்கான சார்புப் பொதிகள் புதுப்பிக்கச் சொல்லிக் காத்திருக்கும். பைத்தான் அறிந்தவர்கள் பெலிக்கன் என்ற தள ஆக்கியைப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொல்வதானால், கட்டளைச் சாளரத்தைக் கண்டு அஞ்சாத புதியவருக்கு ஹியூகோ. அஞ்சுபவருக்கும் விண்டோஸில் எதையும் நிறுவ விரும்பாதவருக்கும் கிட்ஹப் கட்டித்தரும் ஜெக்கில். இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் முயன்று பார்ப்பவர்கள் இரண்டின் அமைவுக் கோப்புகளையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

5. மூன்று பதிவுகளைக் கொண்டு ஒரு மாலை சோதியுங்கள்

தள ஆக்கியோடு வரும் எளிய வார்ப்புருவோ மிகச் சாதாரணமான வார்ப்புரு ஒன்றோ போதும். முதல் படியில் தயாரித்த மூன்று பதிவுகளையும் அதில் இட்டு முன்னோட்டம் பாருங்கள். கீழே சொல்பவை ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்பவை.

பதிவின் தலைப்பில் முக்காற்புள்ளி இருந்தால் தளம் கட்டப்படாமல் நிற்கும். தலைப்பகுதி எழுதப்படும் யாமல் வடிவத்தில் முக்காற்புள்ளிக்கும் இடைவெளிக்கும் தனிப் பொருள் உண்டு. 'நாசி கண்டார்: ஒரு தட்டின் கதை' என்பது போன்ற தலைப்புகளை நாம் விரும்பி வைப்பதால், எல்லாத் தலைப்புகளையும் மேற்கோள்குறிக்குள் இடும் பழக்கத்தை முதல் நாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதே பகுதியில் உள்தள்ளுவதற்கு டேப் விசையைப் பயன்படுத்தக் கூடாது. இடைவெளி விசை மட்டுமே ஏற்கப்படும்.

குறளின் இரண்டு அடிகளும் ஒரே வரியாக ஓடிவிடும். மார்க்டவுனில் ஒற்றை வரிமுறிவு இடைவெளியாகவே கொள்ளப்படுகிறது. முதல் அடியின் இறுதியில் இரண்டு இடைவெளிகளை இட்டால் அடி பிரியும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளை உரைத்திருத்திகள் சேமிக்கும்போது அழித்துவிடுவதுண்டு. கவிதைகளை அதிகம் இடுபவர்கள் ஹியூகோவின் அமைவில் வரிமுறிவைக் காக்கும் தேர்வை இயக்கிவிடுவது நல்லது. ஜெக்கிலின் மார்க்டவுன் மாற்றியிலும் அதே தேர்வு உண்டு.

கவிதையை அழகுக்காக நான்கு இடைவெளி தள்ளி எழுதினால் அது நிரல்வரியாகக் கருதப்பட்டு சாம்பல் பெட்டிக்குள் போய்விடும். ஒரு பத்தி '2019.' என்று எண்ணும் புள்ளியுமாகத் தொடங்கினால் அது எண்ணிட்ட பட்டியலின் உருப்படியாக மாறும். இவற்றைத் தள ஆக்கியின் குறையாக எண்ணி வேறொன்றுக்குத் தாவியவர்கள் இருக்கிறார்கள். தாவிய இடத்திலும் அதுவே நடந்தது.

முகப்பில் வரும் சுருக்கத்தையும் பாருங்கள். ஹியூகோ இயல்பாக 70 சொற்கள் அளவில் சுருக்கத்தை எடுக்கிறது. ஆங்கிலத்தில் நான்கு சொற்களாக விரிவதைத் தமிழ் ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால் நம்முடைய 70 சொற்கள் திரையை நிரப்பிவிடும். பதிவுக்குள் பிரிப்புக் குறியை நீங்களே இட்டு, சுருக்கம் எங்கே முடிய வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். 'வாசிக்க 3 நிமிடம்' என்று காட்டும் வசதியும் இதே காரணத்தால் பொய் சொல்லும், அதை அணைத்துவிடலாம்.

மூன்று மொழியிலும் எழுதும் எண்ணமுடையவர்கள் ஹியூகோவின் பன்மொழி வசதியைக் கண்டு மகிழ்வார்கள். தொடக்கத்தில் அதைத் தொடாதீர்கள். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று வடிவங்களை எழுதி முடிப்பவர் அரிது. வெற்று மொழிப் பக்கங்கள் தளத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். மலாய்ப் பதிவுகளுக்கு ஒரு குறிச்சொல் போதும்.

6. அலங்கரிக்கும் முன் வெளியிடுங்கள்

மூன்று பதிவுகளும் ஒழுங்காகத் தெரிந்தவுடன், தளம் எவ்வளவு மொட்டையாக இருந்தாலும், வெளியிட்டுவிடுங்கள். வெளியீட்டில் வரும் பிழைகளும் வார்ப்புருவில் வரும் பிழைகளும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டையும் ஒரே நேரத்தில் சந்தித்தால் எது எதனால் என்று பிரித்தறிய முடியாது.

எழுத்துகள் மட்டும் வந்து நிறமும் அமைப்பும் வராமல் போனால் அடிப்படை முகவரியைப் பாருங்கள். கிட்ஹப் பேஜஸில் களஞ்சியத்தின் பெயர் உங்கள் பயனர்பெயரோடு 'கிட்ஹப் டாட் ஐஓ' என்ற பின்னொட்டைக் கொண்டிருந்தால் தளம் முகவரியின் வேரில் அமையும். வேறு எந்தப் பெயர் வைத்தாலும் ஒரு துணைக் கோப்புறைக்குள் அமையும். அமைவுக் கோப்பில் அந்தத் துணைக் கோப்புறையைக் குறிப்பிடாவிட்டால் பாணிக் கோப்புகளை உலாவி தவறான இடத்தில் தேடும். முதல் முறை என்றால் களஞ்சியத்துக்குப் பயனர்பெயரோடு அந்தப் பின்னொட்டைச் சேர்த்த பெயரையே வைத்து இந்தச் சிக்கலைத் தவிர்த்துவிடுங்கள்.

பக்கம் முழுதும் வெறுமையாக வந்தால் வார்ப்புருக் கோப்புறை காலியாக இருக்கிறதா என்று களஞ்சியத்தில் பாருங்கள். ஹியூகோ வார்ப்புருக்களை கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) துணைக்களஞ்சியமாக, அதாவது வேறொரு களஞ்சியத்துக்கான இணைப்பாக, சேர்க்கச் சொல்வார்கள். அந்த இணைப்பு முறையாகப் பதிவாகாவிட்டால் உங்கள் கணினியில் கோப்புகள் இருக்கும், கட்டும் இடத்தில் இராது. கிட் பழகாதவர்கள் வார்ப்புருவைப் பதிவிறக்கி அப்படியே கோப்புறையில் நகலெடுத்து வைப்பதே எளிது. வல்லுநர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். ஆனால் வார்ப்புருவின் ஆசிரியர் நாளை அதை நீக்கிவிட்டாலும் உங்கள் தளம் நிற்கும்.

பதிவு மட்டும் வராமல் போனால், அது வரைவாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஹியூகோ கட்டளை கொடுத்து உருவாக்கும் புதிய பதிவு வரைவு நிலையிலேயே பிறக்கிறது. ஜெக்கிலில் கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியோடு தொடங்கியாக வேண்டும். இவை இரண்டும் சரியாக இருந்தும் பதிவு வரவில்லையென்றால் அடுத்த படியைப் படியுங்கள்.

7. நேர வலயத்தை அமையுங்கள்

தீபாவளியன்று காலை ஆறரை மணிக்கு ஒருவர் வாழ்த்துப் பதிவை வெளியிட்டார். தலைப்பகுதியில் நேரம் காலை 6.00 என்று இருந்தது. பதிவு வரவில்லை. மறுநாள் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பியவுடன் வந்துவிட்டது. எழுத்துப்பிழைதான் காரணம் என்று அவர் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். நேர வலயம் குறிக்கப்படாத தேதியை ஹியூகோ உலகப் பொது நேரமாகக் கொள்கிறது. மலேசிய நேரம் அதற்கு 8 மணி நேரம் முன்னால் இருப்பதால், அவர் எழுதிய காலை 6.00 என்பது நம் கணக்கில் பிற்பகல் 2.00 ஆகிவிட்டது. எதிர்காலத் தேதியிட்ட பதிவை ஹியூகோவும் ஜெக்கிலும் இயல்பாக மறைத்துவிடும். பிற்பகல் இரண்டு மணிக்கும் அது தானாக வெளிவராது. தள ஆக்கி தரும் இத்தகைய நிலைத்தளம் என்பது கட்டிய நேரத்தில் எடுத்த படம். மறுபடி கட்டும்வரை மாறாது.

ஜெக்கிலில் இது இன்னும் குழப்பும். அது கணினியின் நேர வலயத்தை எடுத்துக்கொள்வதால் உங்கள் மடிக்கணினியில் பதிவு தெரியும், உலகப் பொது நேரத்தில் இயங்கும் வழங்கியில் மறைந்திருக்கும். இரண்டிலுமே அமைவுக் கோப்பில் நேர வலயத்தைக் கோலாலம்பூர் என்று ஒருமுறை குறித்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. பினாங்கில் இருப்பவர்களுக்கும் பட்டியலில் கோலாலம்பூர் என்பதே உண்டு.

8. இப்போது வார்ப்புருவைத் தேர்ந்தெடுங்கள்

வார்ப்புருவின் மாதிரிப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், உங்கள் மூன்று பதிவுகளையும் அதில் ஓடவிட்டுக் கைப்பேசியில் பாருங்கள். நான்கு இடங்களைக் கவனித்தால் போதும்.

தலைப்புகளின் வரி உயரம் முதலாவது. ஆங்கிலத் தலைப்புக்குப் பொருத்தமாக 1.1, 1.2 என்று வைத்திருப்பார்கள். தமிழில் மேல்வரியின் 'கூ', 'மூ' போன்றவற்றின் கால்களும் கீழ்வரியின் இகர ஈகாரக் கொக்கிகளும் முட்டிக்கொள்ளும். தலைப்புக்கு 1.4 அளவும் பத்திக்கு 1.7 அளவும் எனக்கு ஒத்துவந்தன. எழுத்துகளை நெருக்கும் கட்டளை தலைப்பில் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

அடுத்தது சாய்வெழுத்து. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் கிடையாது. உலாவி நேர் எழுத்தையே பிடித்துச் சாய்த்துவிடும். பல வார்ப்புருக்கள் மேற்கோள்களைச் சாய்வில் காட்டுவதால் குறள் வழுக்கி விழுவதுபோல் தோன்றும். மேற்கோளை நேர் எழுத்தில் வைத்து இடப்பக்கக் கோடு ஒன்றால் வேறுபடுத்துங்கள்.

எழுத்துரு மூன்றாவது. வார்ப்புரு ஆங்கில எழுத்துருவை மட்டும் குறித்திருந்தால் படிப்பவரின் கருவியில் உள்ள தமிழ் எழுத்துரு வரும்: விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ, மெக்கில் தமிழ் சங்கம் எம்என். அந்த 'எம்என்' நம் ஊர் எழுத்துரு வடிவமைப்பாளர் முத்து நெடுமாறனின் பெயரெழுத்துகள். இவை மூன்றுமே படிக்கத் தக்கவை. ஆகவே தொடக்கத்தில் எழுத்துருவைப் பதிவிறக்கித் தளத்தில் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை. எல்லாக் கருவியிலும் ஒரே தோற்றம் வேண்டும் என்பவர்கள் நோட்டோ செரிஃப் தமிழையோ முக்தா மலரையோ சேர்க்கலாம்.

நான்காவது தேதி. பக்கத்தின் மொழி 'டிஏ' என்று அமைந்து, வார்ப்புருவும் மொழிக்கேற்பத் தேதியை எழுதும் செயற்கூற்றைப் பயன்படுத்தியிருந்தால் ஹியூகோவில் மாதப் பெயர் தமிழில் வரும். ஜெக்கிலில் ஆங்கிலத்திலேயே வரும். எண்களால் மட்டும் தேதியை எழுதும்படி மாற்றிவிடுவது குறுக்குவழி. மொழிக்குறியை மாற்ற மறக்காதீர்கள். திரையைப் படித்துக்காட்டும் கருவிகள் அதைக் கொண்டே எந்தக் குரலில் வாசிப்பது என்று முடிவு செய்கின்றன.

9. படங்கள்

கைப்பேசியில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றாதீர்கள். 1600 படப்புள்ளி அகலத்துக்குச் சுருக்கிய பிறகே கோப்புறையில் வையுங்கள், ஏனெனில் கிட் களஞ்சியத்தில் ஒருமுறை ஏறிய படம், அழித்த பின்னும் வரலாற்றில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலைகளும் பதிந்திருக்கலாம். வீட்டில் எடுத்த படங்களில் அவற்றை நீக்கிவிடுங்கள். ஹியூகோவில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கோப்புறை அமைத்து எழுத்தையும் படங்களையும் அதனுள்ளேயே வைக்க முடியும். தள ஆக்கியை மாற்றும் நாளில் இந்த ஒழுங்கு பெரிதும் கைகொடுக்கும்.

10. பழைய பதிவுகளைக் கொண்டுவருதல்

பிளாகரிலோ வேர்ட்பிரஸிலோ பழைய பதிவுகள் இருந்தால், புதிய தளத்தில் ஐந்து பதிவுகளாவது இட்டுப் பழகிய பிறகே அவற்றைத் தொடுங்கள். இரண்டும் எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து தரும். அதை மார்க்டவுனாக மாற்றும் கருவிகள் கிடைக்கின்றன. படங்கள் பழைய வழங்கியிலேயே இருந்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய தளத்தை மூடியவுடன் அவை மறைந்துபோகும். படங்களைத் தனியே இறக்கிச் சேர்த்த பிறகே மூடுங்கள்.

யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி, பாமினி குறியாக்கங்களில் எழுதிய கட்டுரைகளை வைத்திருப்பவர்கள் நம்மிடையே இன்னும் உண்டு. அவற்றை மாற்றியின் வழியாக யூனிகோடுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் கண்ணால் படித்துப் பாருங்கள். 'ர' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும், துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' எழுத்தும் வந்து உட்கார்ந்திருக்கும்.

11. வேறொரு கணினியில் மறுபடி நிறுவிப் பாருங்கள்

நான்காம் படியில் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. தளம் ஓடத் தொடங்கி ஒரு மாதம் ஆன பின், நண்பரின் மடிக்கணினியைக் கேட்டு வாங்குங்கள். களஞ்சியத்தை இறக்கி, தள ஆக்கியை நிறுவி, ஒரு வரியைத் திருத்தி வெளியிட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தால் உங்கள் தேர்வு சரியானது. ஒரு பிற்பகல் முழுவதும் போனால், எந்த இடத்தில் நேரம் கழிந்தது என்று பாருங்கள். அது வார்ப்புரு என்றால் எளியதற்கு மாறுங்கள், தள ஆக்கியே என்றால் பதிவுகள் குறைவாக இருக்கும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

அந்தச் சோதனையின்போது நினைவிலிருந்து எடுத்துச் செய்ததையெல்லாம் ஒரு குறிப்புக் கோப்பில் எழுதுங்கள்: தள ஆக்கியின் பதிப்பு எண், வார்ப்புருவை எங்கிருந்து எந்த நாளில் எடுத்தீர்கள், அதில் நீங்கள் கைவைத்த கோப்புகள், அடிப்படை முகவரி, நேர வலயம், முகவரியை எவரிடம் வாங்கினீர்கள், அது எந்த மாதம் காலாவதியாகும். இந்தக் கோப்பு களஞ்சியத்திலேயே இருக்கலாம். கிட்ஹப்பின் மீட்புக் குறியீடுகளை மட்டும் அதில் எழுதாமல், அச்சிட்ட தாளை வீட்டில் கடவுச்சீட்டு இருக்கும் உறையில் வையுங்கள்.